செத்த காலேஜின் சாவிக்கொத்து: அருங்காட்சியகங்கள் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறையை நடத்துகிறவர்களுக்கும், அந்தத் துறைக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற தேர்வாணையத்தாருக்கும் வணக்கம்.

எங்கள் பாட்டிக்கு எழும்பூர் மியூசியம் கடைசிவரை ‘செத்த காலேஜ்’தான். மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. பழைய மெட்ராஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால் பொருத்தமான பெயர்கள்தான், ஏனென்றால் இரண்டும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவை. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், மெட்ராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த ஆயிரத்து நூறு பாறை மாதிரிகளை வைத்துக்கொண்டு 1851-ல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். கூட்டம் விலங்குகளைப் பார்க்கத்தான் வந்தது. 1860களில் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. எழும்பூரில் கல்லும் செம்பும் எலும்பும் மிஞ்சின, கூடவே அந்தப் பெயரும்.

இந்த மடல் அந்தப் பெயரைப் பற்றியது அல்ல. அந்தக் கல்லையும் செம்பையும் பார்த்துக்கொள்கிற மனிதர்களைப் பற்றியது. அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் நடராஜரைப் பார்ப்பார்கள், திமிங்கில எலும்பைப் பார்ப்பார்கள். காப்பாட்சியர் என்று ஒருவர் அங்கே இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தாலும், ஏதோ டிக்கெட் கவுண்டரை மேற்பார்வை பார்க்கிறவர் என்றுதான் நினைப்பார்கள்.

நான் அருங்காட்சியகவியல் படித்தேன். படித்து முடித்ததும் ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தில், பொருள்களைப் படமெடுத்து, அளந்து, கணினியில் ஏற்றுகிற வேலை கிடைத்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். அந்த ஒரு ஊரின் குறையாக இதை ஒதுக்கிவிடுவீர்கள் என்பதால் சொல்லவில்லை. இப்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன்.

அங்கே நான் சேர்ந்தபோது இருந்த காப்பாட்சியர் தாவரவியல் படித்தவர். ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. முதல் நாளே என் கையில் சேர்க்கைப் பதிவேட்டைக் கொடுத்தார், வந்து சேர்கிற ஒவ்வொரு பொருளையும் எழுதி வைக்கிற புத்தகம். பெரிய நீளப் புத்தகம், முதுகில் சிவப்புத் துணி. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து மாறும். ஒருவர் முத்து முத்தாக எழுதியிருப்பார்: அம்மன், செம்பு, நின்ற கோலம், உயரம் இவ்வளவு, வலக்கைச் சுண்டுவிரல் முறிந்தது, இன்ன ஊரில் இன்ன சர்வே எண்ணில் கிணறு வெட்டும்போது கிடைத்தது, தாசில்தார் கடித எண் இது. அடுத்த பத்து பக்கத்துக்கு வேறொருவர் வந்து ‘சிலை, பெண், ஒன்று’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். ‘சிலை, பெண், ஒன்று’ என்ற வரிகளை வைத்துக்கொண்டு அறையில் நின்ற நாலு பெண் சிலைகளில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முழித்தேன். அவர் சிரித்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கோடு போட்ட நோட்டை எடுத்தார்.

அது அவருடைய சொந்த நோட்டு. இருபத்தைந்து வருடத்தில், வேலை பார்த்த ஒவ்வொரு ஊரிலும் பதிவேட்டில் இல்லாததை எல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். இந்தச் சிலையின் பீடத்தில் பழைய எண் வெள்ளைப் பெயின்டில் இருந்தது, 1990களில் சுத்தம் செய்தபோது அழிந்துவிட்டது. இந்தத் தாழி வந்தபோது முழுதாக இருந்தது, மழையில் கூரை ஒழுகி விழுந்து உடைந்தது. இந்தக் கல்வெட்டுத் துண்டின் மறுபாதி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாசற்படியில் இருக்கிறது, தலைமையாசிரியர் தர மறுக்கிறார். இப்படி.

சுண்டுவிரல் முறிந்த அந்த அம்மனைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் கண்டவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில், வி.ஏ.ஓ. வந்து பார்ப்பார், தாசில்தார் வருவார், சிலை சாக்கில் சுற்றிக் கருவூலத்துக்குப் போகும், அங்கே சில மாதமோ சில வருடமோ இருந்துவிட்டு அருங்காட்சியகத்துக்கு வரும். எழும்பூர் செப்புத் திருமேனிக் கூடத்தில் உலகமே வந்து பார்க்கிற பல சிலைகள் இந்த வழியாக வந்தவைதான். கிராமத்துக்கு இது வேறு மாதிரித் தெரியும். மண்ணிலிருந்து சாமி எழுந்து வந்தாள், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் வருடா வருடம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேன் பிடித்து வருவார்கள். பதினைந்து இருபது பேர். பூ, பழம், ஒரு பட்டுத்துணி. “எங்க அம்மா நல்லாயிருக்காளா சார்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். காப்பாட்சியர் இருப்பறையைத் திறந்து அம்மனை வெளியே கொண்டுவந்து மேசையில் வைப்பார். எண்ணெய், குங்குமம், பால் எதுவும் மேலே படக்கூடாது. அது அவர்களுக்கும் தெரியும். கண்ணாடித் தட்டில் பூவை வைப்பார்கள், துணியைக் காலடியில் போடுவார்கள், ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கிளம்பும்போது காப்பாட்சியருக்கு ஒரு தேங்காய் மூடி. எந்த விதியில் இதற்கு இடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவர்தான். அதற்கு முன் ஊர்க்காரர்கள் சிலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று மனு போட்டுக்கொண்டே இருந்தார்களாம். மனுக்களின் எண்களும் நோட்டில் இருந்தன.

ஓய்வு பெறும் நாளில் பிரிவுபசார விழா. சால்வை, கடிகாரம், ஒரு டிபன். அவர் அந்த நோட்டை அலுவலக உதவியாளரிடம் நீட்டினார். “இது அரசுப் பதிவேடு இல்லையே சார், நான் எந்த ஃபைல்ல சேர்க்கறது?” என்றார் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது, நிஜமாகவே அதற்கு ஒரு ஃபைல் கிடையாது. நோட்டு சால்வையோடு வீட்டுக்குப் போனது.

அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை. பக்கத்து மாவட்டக் காப்பாட்சியருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுக்கப்பட்டது. வாரத்தில் இரண்டு நாள் பேருந்தில் வந்துபோனார். அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போட்டால், அந்த நிமிடத்திலிருந்து எது குறைந்தாலும் அவர் தலையில். எப்போதோ இருபது வருடத்துக்கு முன் காணாமல் போன ஒரு காசுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆடிட்காரர்கள் கேட்பார்கள், ஓய்வூதியம் நிற்கும். அதனால் ஒத்துப்பார்க்காமல், காட்சிக்கூடத்துக்கு மட்டும் பொறுப்பு ஏற்றுக்கொண்டு, இருப்பறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஐந்து மாதமும் அந்த முத்திரை உடையவில்லை. அறைக்குள் இருந்த பொருள்களைப் பதிவு செய்யத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள் என்பதை இங்கே ஒரு தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஆடியில் வேன் வந்தது. அம்மன் முத்திரைக்குப் பின்னால் இருந்தாள். அவர்கள் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்புறம் முற்றத்தில் ஒரு செங்கல்லின் மேல் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கிழவி மட்டும் என்னைப் பார்த்து, “பழைய சார் எங்கய்யா?” என்று கேட்டார்.

சரி, ஒரு ஊரின் கதை போதும். இந்தத் துறை எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதற்குத் துறையின் சொந்த வரலாறே சாட்சி. அதைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன்.

1885-லிருந்து 1950களின் கடைசி வரை, இடையில் தற்காலிகமாகப் பொறுப்புப் பார்த்தவர்களை விட்டுவிட்டால், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நான்கே நான்கு தலைவர்கள். எட்கர் தர்ஸ்டன் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். மருத்துவம் படித்தவர். மனிதர்களின் மூக்கை இடுக்கி வைத்து அளந்து சாதிகளை வகைப்படுத்தப் பார்த்தவர், அந்த வேலையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் முத்துக்குளிப்பிலிருந்து நாணயம் வரை அவர் விட்டுவைத்த பதிவுகளை இன்றும் எடுத்துப் புரட்ட வேண்டியிருக்கிறது. அடுத்து வந்த ஹென்டர்சன், நண்டு இறால் வகைகளை ஆராய்ந்த விலங்கியலாளர். அவர் எழுதிய புத்தகங்களில் ஒன்று ஹைதர் அலி, திப்பு சுல்தான் காசுகளைப் பற்றியது. 1920-ல் வந்த கிரேவ்லியும் விலங்கியலாளர்தான், சிலந்தி பூச்சி ஆராய்ச்சிக்காரர், கல்கத்தாவிலிருந்து வந்தவர். அந்தச் சிலந்திக்காரரும் டி.என். ராமச்சந்திரனும் சேர்ந்து 1932-ல் வெளியிட்டதுதான் சென்னை அருங்காட்சியகத்தின் இந்து உலோகத் திருமேனிகளின் விளக்கப் பட்டியல். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் இன்றும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

நண்டு படித்தவர் காசைப் பற்றியும் சிலந்தி படித்தவர் நடராஜரைப் பற்றியும் எப்படி எழுதினார்கள்? நான் இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஒரு சிலந்தியை இன்னொரு சிலந்தியிலிருந்து பிரித்தறியப் பழகிய கண், ஒரு திருமேனியின் கழுத்தணியையும் தோள்வளையையும் இன்னொன்றோடு ஒப்பிடவும் உதவியிருக்கும், அது ஒன்று. இரண்டாவது, கிரேவ்லி இருபது வருடம் அங்கே இருந்தார். அதே அறைகள், அதே அலமாரிகள், அதே பதிவேடு. பூச்சிக்காரர் என்பதற்காக அவரை வனத்துறைக்கு மாற்றவில்லை. தாவரவியல் படித்தவருக்குச் செப்புச் சிலையைப் பற்றி என்ன தெரியும் என்று உங்கள் துறையிலேயே பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். காலம் கொடுத்தால் தெரிந்துகொள்வார். என் காப்பாட்சியரின் நோட்டு கிரேவ்லியின் பட்டியலுக்குத் தம்பிதான். ஒன்று அச்சேறியது, ஒன்று வீட்டுப் பரணுக்குப் போனது.

கிரேவ்லி காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மண்ணுக்குள் பல நூறு வருடம் கிடந்த செம்பில் உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்து ஈரக்காற்றுப் பட்டதும் பச்சைப் பொடியாகப் பூக்கும். துடைத்தால் போகும், மறுபடி பூக்கும், பூத்துப் பூத்து முகத்தையே தின்றுவிடும். வெண்கல நோய் என்பார்கள். கடற்காற்று அடிக்கிற ஊரில் செப்புத் திருமேனிகளைக் குவித்து வைத்திருந்தவர்களுக்கு இது தலைவலி இல்லை, உயிர்வலி. 1930-ல் எழும்பூரில் இதற்கென்றே ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் எஸ். பரமசிவன். சிலையைக் காரக் கரைசல் தொட்டியில் இறக்கி, மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுப்பார்கள். அப்புறம் வாலை வடிநீரில் திரும்பத் திரும்ப அலசுவார்கள், நீரில் உப்பு இல்லை என்று சோதனை சொல்லும்வரை. அவசரப்படுத்தவே முடியாத வேலை. அந்த ஆய்வகம் இன்றும் உங்கள் துறையின் பெருமைகளில் ஒன்று. ஒரு விலங்கியலாளர் தன் நிறுவனத்துக்கு ஒரு வேதியியலாளர் வேண்டும் என்று புரிந்துகொள்ளப் பத்து வருடம் அந்த அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது காரணமாக இருந்திருக்காதா?

1940-ல் ஏ. அய்யப்பன் தலைமைக்கு வந்தார், அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். அவர் வெளியிலிருந்து வந்து இறங்கியவர் அல்ல. அதே அருங்காட்சியகத்தில் மானிடவியல் பிரிவில் கீழ்நிலையில் சேர்ந்து, இடையில் லண்டனில் ஆய்வுப் பட்டம் முடித்துத் திரும்பி, மேலே ஏறியவர். நூற்றாண்டு விழா வந்த 1951-ல், விக்டோரியா நினைவுக் கட்டடத்தில் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டது அவர் காலத்தில்தான். பின்னாளில் கேரளப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

இங்கிருந்து ஏணி எங்கெல்லாம் போனது என்பதற்கு சி. சிவராமமூர்த்தியைப் பாருங்கள். 1930களில் எழும்பூரில் தொல்லியல் காப்பாட்சியர். ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியிலிருந்து வந்த சிற்பங்களை அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் கற்களின் கதை துயரமானது. வால்டர் எலியட் 1845-ல் தோண்டி எடுத்து மெட்ராசுக்கு அனுப்பியவை வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன, 1859-ல் கப்பலேறி லண்டன் போயின. பின்னர் வேறு வேறு காலத்தில் தோண்டியவை எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. எந்தக் கல் ஸ்தூபியின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தெரியாமல் அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். சிவராமமூர்த்தி அந்தக் கற்களோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு தலைப்பாகையையும் வளையலையும் குடத்தையும் வண்டியையும் தன் கையாலேயே கோட்டோவியமாக வரைந்து 1942-ல் அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். அதன் பிறகு கல்கத்தா, அதன் பிறகு டெல்லி. கடைசியில் தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர். 1975-ல் பத்மபூஷண்.

அந்த டெல்லி நாற்காலியில் அவருக்கு முன்னால் இருந்தவர்களில் ஒருவர் கிரேஸ் மார்லி. அமெரிக்கப் பெண்மணி. சான்பிரான்சிஸ்கோவில் நவீனக் கலைக்கான அருங்காட்சியகத்தை 1935-ல் தொடக்கத்திலிருந்து உருவாக்கி இருபது வருடத்துக்கு மேல் நடத்தியவர். அறுபது வயதில் இந்தியாவுக்கு வந்து தேசிய அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரானார். பதவி முடிந்ததும் ஊர் திரும்பவில்லை. 1985-ல் இறக்கும்வரை டெல்லியிலேயே இருந்தார், ஆசிய நாடுகளின் அருங்காட்சியக ஊழியர்களுக்குப் பயிற்சியும் ஏற்பாடு செய்தார். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு, கையில் காசு இல்லை, ஆனாலும் தன் முதன்மை அருங்காட்சியகத்தை நடத்த யாரைத் தேடியது பாருங்கள். வாழ்நாளின் பெரும்பகுதியை அருங்காட்சியகங்களுக்கே கொடுத்த ஒருவரை.

எழும்பூர் ஏணியில் ஏறிய இன்னொருவர் நம் ஊர்க்காரர். இரா. நாகசாமி. 1959-ல் எழும்பூரில் கலை, தொல்லியல் காப்பாட்சியராகச் சேர்ந்தார். நாலு வருடம் அந்தத் திருமேனிகளோடு பழகினார். பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக 1966-லிருந்து 1988 வரை. பத்தூர் நடராஜர் வழக்கு நினைவிருக்கும். 1976-ல் தஞ்சைப் பக்கம் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, கள்ளத்தனமாக லண்டன் போய், ஒரு கனடா நிறுவனம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கிய சிலை. அது பத்தூர்க் கோயிலுடையதுதான் என்று நிரூபிக்க நாகசாமி லண்டன் நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டில் நின்றார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட அந்த வழக்கில் சாட்சியாயின. 1991-ல் நடராஜர் திரும்பி வந்தார். எழும்பூரில் ஒரு இளைஞர் நாலு வருடம் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அரசு கொடுத்த சம்பளம் எவ்வளவு இருக்கும்? இதைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பதிவு என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று சிலை கடத்தல் தடுப்புப் பிரிவினரைக் கேளுங்கள், சொல்வார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014-ல் திருப்பிக் கொடுத்தது. திருடப்பட்டது என்று காட்டியது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் திருட்டுக்குப் பல வருடம் முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து, ஊர்ப்பெயர் எழுதி, பெட்டியில் அடுக்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படம். எடுத்தவர்களுக்கு அன்று திருட்டைப் பற்றிய நினைப்பே இருந்திருக்காது. ஒழுங்காகப் பதிந்து வைத்தார்கள், அவ்வளவுதான். ‘சிலை, பெண், ஒன்று’ என்று எழுதி வைத்திருந்தால் அந்த நடராஜர் இன்றும் கான்பெராவில்தான் ஆடிக்கொண்டிருப்பார்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். துறையின் இயக்குநர் பதவிக்கு ஆட்சிப்பணி அதிகாரிகள் வருகிறார்கள், போகிறார்கள். அவர்கள் எல்லோரும் அக்கறையற்றவர்கள் என்று சொன்னால் அது பொய். நிதி வாங்குவதிலும் ஃபைலை நகர்த்துவதிலும் ஒரு காப்பாட்சியரால் முடியாததை அவர்கள் ஒரு தொலைபேசியில் முடிப்பார்கள். சிலரிடம் கலையின் மீது உண்மையான பற்றும் இருந்தது, படித்தார்கள், எழுதினார்கள். ஆனால் ஒருவர் பதிவேட்டின் மொழியைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் நேரத்தில் வேறு துறைக்கு மாறுதல் வந்துவிடுகிறது. இது நம் மாநிலத்தின் நோய் மட்டுமல்ல. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில், மூடிக் கிடந்த கூடங்களைத் திறந்து நன்றாக நடத்திக்கொண்டிருந்த தலைமை இயக்குநரை 2015-ல் பாதியில் மாற்றியபோது கலை வரலாற்றாளர்கள் எதிர்த்து எழுதினார்கள். மாறுதல் மாறவில்லை.

காப்பாட்சியருக்கோ ஏறுவதற்குப் படிகள் குறைவு. தேர்வாணையத் தேர்வு எழுதி, விலங்கியல் பிரிவுக்கோ நாணயப் பிரிவுக்கோ என்று தேர்வாகி, ஒரு மாவட்டத்தில் போட்டுவிட்டால் அங்கே அவரே எல்லாம். சிலை, தாழி, பாம்பு ஜாடி, பள்ளிக்கூட ஓவியப் போட்டி, கழிப்பறைக் குழாய் ரிப்பேர். என்னோடு படித்தவர்களில் கெட்டிக்காரர்கள் இருவர் இந்த வேலைக்குத் தேர்வாகி, இரண்டு வருடத்தில் குரூப் ஒன் எழுதிக் கிளம்பிவிட்டார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது?

ஒருவரையே நீண்ட காலம் விட்டால் திருட்டுக்கு வழி ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாறுதல் என்ற வழக்கமே அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான். ஆனால் முத்திரை வைத்த அறையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்குமே தெரியாத நிலையைவிடத் திருடனுக்கு வசதியானது எது? வெளியிலிருந்து இருவர், ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒருவர் இன்னொரு மாவட்டத்திலிருந்தும், வருடம் ஒருமுறை வந்து பதிவேட்டையும் பொருளையும் ஒத்துப்பார்க்கட்டும். எந்தப் பொருள்களைப் பார்ப்பது என்று அன்று காலையில் சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். அதைவிட்டுவிட்டு ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் பொருளைத் தெரிந்தவர்கள்தான் காணாமல் போவார்கள்.

பழைய குறைபாட்டுக்குப் புதிய ஆளைப் பிடிப்பதையும் நிறுத்துங்கள். பொறுப்பு ஏற்கிறவர் ஒத்துப்பார்த்து, இது இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அது அவருடைய நேர்மைக்குச் சான்றாக வேண்டும், அவர்மேல் குற்றமாகக் கூடாது. இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு அரசாணை வந்தால் தமிழ்நாட்டில் எத்தனை முத்திரைகள் உடையும் என்று நினைக்கிறீர்கள்?

ஓய்வு பெறுகிறவர் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே வாரிசை அனுப்புங்கள். இருவரும் சேர்ந்து அலமாரி அலமாரியாகத் திறக்கட்டும். ஓய்வு நாள் இருபது வருடம் முன்பே எல்லோருக்கும் தெரியும், அது எதிர்பாராத விபத்து இல்லை. இயக்குநராக ஆட்சிப்பணி அதிகாரி இருந்தே ஆக வேண்டும் என்றால் இருக்கட்டும், அவருக்கு அடுத்து, தொகுப்புகள் முழுவதற்கும் பொறுப்பான ஒரு தலைமைப் பதவியை உண்டாக்கி, அதைக் காப்பாட்சியர்களிலிருந்து மட்டும் நிரப்புங்கள். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் அங்கே இருக்கவிடுங்கள். எதை வாங்குவது, எதை வெளியே அனுப்புவது, எதைத் தொட்டியில் இறக்குவது என்பதில் கடைசிக் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். கீழடியில் 2023-ல் அருங்காட்சியகம் திறந்தபோது மக்கள் எப்படிக் குவிந்தார்கள் என்று பார்த்தோம். அது தொல்லியல் துறையின் பொறுப்பு, தெரியும். ஆனால் அந்தப் பானை ஓடுகளுக்கும் ஐம்பது வருடம் கழித்து ஒரு காப்பாட்சியர் தேவைப்படுவார்.

அப்புறம் அந்த நோட்டுகள். என் காப்பாட்சியரிடம் மட்டும் இருந்ததாக நான் நம்பவில்லை. ஓய்வு பெற்ற ஒவ்வொருவரின் வீட்டிலும் ஒன்று இருக்கும். ஆள் அனுப்பி வாங்குங்கள், படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அவற்றை வைக்க ஒரு ஃபைல் எண் ஒதுக்குங்கள்.

போன மாதம் அந்தப் பக்கமாகப் போனபோது அருங்காட்சியகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கூடுதல் பொறுப்பில் இப்போது மூன்றாவது ஆள். அரக்கு நிறம் மங்கியிருந்தது, உடையவில்லை. வரும் ஆடியிலும் வேன் வரும். அதற்கு முன் அந்த அறைக்கு ஒருவரைப் போடுங்கள். போகிறவர் கையில், சுண்டுவிரல் முறிந்தது எந்த அம்மன் என்று எழுதியிருக்கிற அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். பெரியவர் வீட்டு முகவரி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பதினோரு மாதம் உங்கள் துறையில் வேலை பார்த்த ஒருவர்